டிஎஸ்எல்ஆர் வானப்படங்கள்: கோப்பு எங்கே கெடுகிறது?

கல்யாண வீட்டில் படம் எடுப்பவருக்கு ஒவ்வொரு கோப்பும் தனிச்சொத்து. தாலி கட்டும் நேரத்துப் படம் கெட்டுப்போனால் அதற்கு மாற்று கிடையாது. வானத்தைப் படம் பிடிப்பவரின் கணக்கு வேறு. ஓரியன் நெபுலாவை ஒரே இரவில் நூறு, இருநூறு முறை எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் அடுக்கிச் சராசரி காண்பதுதான் அவர் வேலை. அதில் நாலு படம் போனால் பெரிய நட்டமில்லை. ஆனால் மிச்சமுள்ள அத்தனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அளவு, கிடப்பு, பிட் ஆழம், நிற வரிசை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பிசகினாலும் மென்பொருள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். தனித்தனியே பார்த்தால் எல்லாக் கோப்பும் நலம். சேர்த்து வைத்தால் சண்டை. சாதாரணப் புகைப்படக் கலையில் இப்படியொரு நோயே கிடையாது.

'ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு' என்ற ஒற்றை வாக்கியத்தில் இந்தத் துறையின் பாதிச் சிக்கல்கள் ஒளிந்துகொள்கின்றன. கேமரா எண்களை எழுதுகிறது, கார்டும் கேபிளும் அவற்றைச் சுமக்கின்றன, மென்பொருள் படிக்கிறது. கோளாறு இந்த மூன்றில் எங்கே என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. என் கணிப்பில், வரும் புகார்களில் பெரும்பாலானவை மூன்றாவது இடத்தைச் சேர்ந்தவை. அங்கே கோப்புக்கு எதுவும் ஆகியிருக்காது. உண்மையான சேதம் இரண்டாவது இடத்தில் நடக்கிறது, அதுவும் அரிதாக. முதல் இடத்தில் நடக்கும் கெடுதலைப் பற்றி அதிகம் பேர் புகார் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாததால்தான் அது மற்ற இரண்டையும்விட மோசமானது.

ஒரு ரா கோப்புக்குள் குறைந்தது மூன்று சரக்கு இருக்கும். கேமரா மாடல், ஐஎஸ்ஓ, நேரம் போன்ற விவரங்கள் ஒன்று. பார்வைக்காக வைத்திருக்கும் சிறிய ஜேபெக் படம் ஒன்று. மூன்றாவதுதான் அசல்: சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் தந்த எண். 12 பிட் கேமரா என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384. ஜேபெக்கில் வண்ணத்துக்கு வெறும் 256 படிகள்தான், அதுவும் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக நசுக்கப்பட்டவை. மங்கலான நெபுலாவின் ஓரம் இரண்டு மூன்று படிகளுக்குள் அடங்கிவிடும் என்பதால் ஜேபெக்கை அடுக்கி எதுவும் தேறாது.

கேமராவின் பின்திரையிலும் கணினி ஃபோல்டரிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது சரக்கைத்தான். ஆகவே சின்னப் படம் அழகாகத் தெரிகிறது, திறந்தால் கீழ்ப்பாதி சாம்பல் நிறம் என்ற நிலை வரலாம். சின்னப் படமே வரவில்லை, அடுக்கும் மென்பொருளோ சிரமமின்றி எடுத்துக்கொள்கிறது என்பதும் நடக்கும். கணினிக்கு அந்த வகைக் கோப்பின் முன்னோட்டம் காட்டத் தெரியவில்லை, அவ்வளவே. சந்தேகம் வந்தால் ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலால் உள்ளே இருக்கும் ஜேபெக்கைத் தனியே உருவிப் பார்க்கலாம். அது வருகிறது, அசல் எண்கள் வரவில்லை என்றால் சேதம் எந்தப் பகுதியில் என்பது தெரிந்துபோகும்.

முதலில் பொய்யான அச்சங்களைக் கழித்துவிடுவோம். புதியவர்களை அதிகம் கலங்கடிப்பது கறுப்புப் படம். இரவெல்லாம் எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருளில் அடுக்கி, அது தானாகச் சேமித்த டிஃப் கோப்பைத் திறந்தால் கும்மிருட்டு. விஷயம் இதுதான்: சென்சாரின் எண்கள் ஒளியோடு நேர்விகிதத்தில் ஏறுபவை, நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. கேமரா ஜேபெக் செய்யும்போது இருண்ட பகுதியைத் தானே தூக்கிவிடுகிறது. அடுக்கிய கோப்பில் அந்த வேலை நமக்கு மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த டிஃப் 32 பிட் தசம எண்களில் இருப்பதால் சாதாரணப் படம் பார்க்கும் செயலிகள் அதைத் திறக்கவே மறுப்பதும் உண்டு. ஜிம்ப் மென்பொருள்கூட 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்துதான் இவ்வளவு பிட் ஆழத்தைக் கையாள்கிறது. சிரில் போன்ற வானியல் மென்பொருளில் திறந்து, காட்சியைத் தானியங்கி நீட்டலில் வைத்தால் நெபுலா எட்டிப் பார்க்கும்.

பச்சையாக வரும் படமும் இதே வகை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில் ஒவ்வொரு நான்கு பிக்சலுக்கும் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. வெள்ளைச் சமநிலை செய்யாத படம் பச்சை பூத்துத்தான் இருக்கும். உள்வடிகட்டியை மாற்றிய கேமராவில் அதுவே சிவப்பாக வரும். 656.3 நானோமீட்டரில் ஒளிரும் ஹைட்ரஜன் உள்ளே வரவேண்டும் என்றுதான் காசு கொடுத்து மாற்றுகிறோம், பிறகு படம் சிவப்பு என்று வருந்துவானேன்?

அடுத்தது, மென்பொருள் கோப்பை அடையாளமே காணாத நிலை. கேனான் நிறுவனம் 2018-இல் எம்50 கேமராவோடு சிஆர்2 வடிவத்தை விட்டு சிஆர்3-க்கு மாறியது. பழையது டிஃப் வழிவந்தது. புதியது காணொளிக் கோப்புகளின் உறையமைப்பைக் கொண்டது, ஒன்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு மற்றது புரியாது. டேவ் காஃபின் தனியொருவராக வளர்த்த டிசிரா நிரலும், அதன் வழியில் வந்த லிப்ரா நூலகமும்தான் பெரும்பாலான இலவச வானியல் மென்பொருள்களுக்கு ரா கோப்பைப் படித்துத் தருகின்றன. லிப்ராவுக்கு சிஆர்3 தெரிய வந்தது 2020-இல். அதற்கு முந்திய பதிப்பை இன்னும் கணினியில் வைத்திருப்பவர் கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். முடியாதவர்கள் அடோபியின் இலவச மாற்றியால் கோப்பை டிஎன்ஜி வடிவமாக்குகிறார்கள். அப்படிச் செய்தால் வானத்தை எடுத்த லைட், மூடிவைத்து எடுத்த டார்க், சீரான வெளிச்சத்தில் எடுத்த ஃபிளாட் எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் மாற்ற வேண்டும், இழப்புள்ள சுருக்கம் என்ற விருப்பத்தைத் தொடவே கூடாது, அசல் கோப்புகளை அழிக்கவும் கூடாது.

கேனானின் எம்ரா, எஸ்ரா என்ற சிறு அளவுகளும் இங்கே குறிப்பிடத் தக்கவை. பெயரில் ரா இருந்தாலும் அவற்றில் கேமரா ஏற்கெனவே நிறங்களைக் கலந்து, அளவைக் குறைத்துவிட்டது. பேயர் வரிசை அங்கே இல்லை. இடம் மிச்சமாகும் என்று அவற்றில் எடுத்தவருக்கு டார்க், ஃபிளாட் போன்ற அளவீட்டுப் படங்கள் எதுவும் சரியாகப் பொருந்தாது.

தமிழருக்கென்றே ஒரு தனி வம்பும் உண்டு. ஃபோல்டருக்கு 'நிலா' என்றோ 'கார்த்திகை மீன்கள்' என்றோ ஆசையாகப் பெயர் வைத்தால் பழைய மென்பொருள் சில 'கோப்பு இல்லை' என்று சாதிக்கும். பிரெஞ்சுக்கும் ரஷ்ய மொழிக்கும் விண்டோஸில் பழைய பாணிக் குறிமுறைப் பக்கங்கள் இருந்தன. தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை, நேராக யூனிகோடுதான். யூனிகோடு தெரியாத நிரலுக்கு நம் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகள். படத்தின் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அடுக்கும் வேலை நடக்கும் ஃபோல்டருக்கு மட்டும் இடைவெளியில்லாத ஆங்கில எழுத்துப் பெயர் வைப்பது நிம்மதி.

இனி ஒத்துப்போகாமை. இதுதான் இந்தத் துறைக்கே உரிய நோய் என்பதால் சற்று நின்று பார்க்கலாம். நிக்கான் டி5300-இன் ஜேபெக் அளவு 6000-க்கு 4000. அதன் ரா கோப்பைச் சில மென்பொருள்கள் 6016-க்கு 4016 என்று படிக்கின்றன. சென்சாரின் ஓரங்களில் நிறம் பிரிப்பதற்கென்று கூடுதல் வரிசைகள் உண்டு. அவற்றை வெட்டுவதா வைத்துக்கொள்வதா என்பது படிப்பவர் முடிவு. ஆகவே மூலக்கோப்பு ஒன்றே ஆனாலும், டார்க் படங்களின் சராசரியான டார்க் மாஸ்டரை ஒரு மென்பொருளில் செய்து லைட் படங்களை இன்னொன்றில் திறந்தால் 'அளவு பொருந்தவில்லை' என்ற பிழை வரும். பதிப்பு மாறினாலும் வரலாம். ஒரே மென்பொருளில், ஒரே பதிப்பில் எல்லாவற்றையும் மூலக்கோப்பிலிருந்து மறுபடி செய்வதே மருந்து.

இன்னொரு காரணம் கேமராவின் தானியங்கிச் சுழற்சி. கேமராவுக்குள் இருக்கும் சாய்வு உணரி, படம் நெடுக்கா கிடையா என்று ஒவ்வொரு கோப்பிலும் குறித்து வைக்கிறது. தரையில் நின்று மனிதரை எடுக்கும்போது அது சரி. தொலைநோக்கியோடு உச்சிவானத்தைப் பார்த்திருக்கும் கேமராவுக்கு மேலேது, கீழேது? ஒரே இலக்கைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் குறிப்பு மாறிவிடும். அந்தக் குறிப்பை மதிக்கும் மென்பொருள் சில படங்களைத் திருப்பி வைக்க, 5184-க்கு 3456 என்றிருந்தது 3456-க்கு 5184 ஆகிவிடும். அப்போதாவது பிழை காட்டும். 180 பாகை திரும்பினால் அளவு மாறாது, பிழையும் காட்டாது; டார்க் படத்தின் சூடான பிக்சல்கள் தப்பான இடத்தில் கழிக்கப்பட்டு, படம் முழுக்கக் கரும்புள்ளிகள் விழும். கேமரா மெனுவில் சுழற்சியை அணைப்பது அரை நிமிட வேலை. எடுத்து முடித்தவர்கள் ரா கோப்பைத் திறக்கும் அமைப்பில் 'திருப்பாதே' என்ற விருப்பத்தைத் தேடலாம். பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் அது உண்டு.

மடிக்கணினி வழியே கேமராவை இயக்குபவர்களுக்கு மூன்றாவது காரணமும் சேர்கிறது. இவர்களில் பலர் ரா கோப்பாக இல்லாமல் ஃபிட்ஸ் கோப்பாகச் சேமிக்கிறார்கள். 1981-இல் வரையறுக்கப்பட்ட ஃபிட்ஸ், வானியலாளர்களின் பொது மொழி. ஆனால் அந்த மொழியில் முதல் வரிசை மேலா கீழா என்பதில் நெடுநாள் ஒற்றுமை இல்லை. சில நிரல்கள் மேலிருந்து எழுதுகின்றன, சில கீழிருந்து. படம் தலைகீழானால் கண்ணுக்குத் தெரியும். அதோடு பேயர் வரிசையும் புரண்டுவிடுவதுதான் விபரீதம்: முதல் வரிசையில் சிவப்பு-பச்சை, அடுத்ததில் பச்சை-நீலம் என்றிருந்தது பச்சை-நீலம், சிவப்பு-பச்சை என்றாகும். நிறம் பிரிக்கும் நிரலுக்கு இது தெரியாவிட்டால் விண்மீன்கள் ஊதா, பின்னணி விசித்திரப் பச்சை. வரிசைத் திசையைத் தலைப்பிலேயே எழுதிவைக்கும் குறிச்சொல் பிற்பாடு வந்தது. அது இல்லாத கோப்புகளில் நாமே கையால் வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். நான்கே சாத்தியங்கள்.

எண்களின் அளவுகோலும் இங்கேதான் குழம்பும். 14 பிட் எண்ணை 16 பிட் கோப்பில் வைக்கும்போது சிலர் அப்படியே வைக்கிறார்கள், சிலர் நான்கால் பெருக்கி நிரப்புகிறார்கள். ஒரு டார்க் படத்தின் சராசரி 2048-க்கு அருகில், இன்னொன்றின் சராசரி 8192-க்கு அருகில் என்று கண்டால் கேமரா மாறவில்லை, எழுதிய நிரல் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி அசலான சேதத்துக்கு வருவோம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஃபோல்டரைக் கோப்பின் எடையோடு பட்டியலிட்டுப் பார்த்தாலே போதும். ரா கோப்பு பெரும்பாலும் இழப்பின்றிச் சுருக்கப்படுகிறது. இரைச்சல் கூடினால் சுருக்கம் குறையும், எடை ஏறும். ஆகவே ஒரே இலக்கு, ஒரே ஐஎஸ்ஓ, ஒரே நேர அளவு என்றால் எடைகள் அடுத்தடுத்து நெருங்கியே இருக்க வேண்டும். 4121 என்ற படம் 24.8 எம்பி, 4122 என்பது 24.9, 4123 என்பது 11.2, 4124 மறுபடி 24.8 என்று பட்டியல் சொன்னால், 4123 பாதியில் அறுந்துபோன கோப்பு. எடை மெல்ல ஏறிக்கொண்டே போனால் சென்சார் சூடேறுகிறது அல்லது விடிந்துகொண்டிருக்கிறது. நகர வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் மேகம் குறுக்கே வந்தாலும் எடை கூடும். டார்க் படங்கள் லைட் படங்களைவிட எடை குறைந்திருப்பது இயல்பு. அதைக் கண்டு பதறுபவர்கள் இருக்கிறார்கள்.

எடை சரியாக இருந்து கோப்பு திறக்காவிட்டால் ஹெக்ஸ் பார்வையில் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். சிஆர்2 கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் 49 49. அந்த இடத்தில் 00 00 என்று வரிசையாகச் சுழியங்கள் நின்றால், கணினி இடத்தை ஒதுக்கிவிட்டு உள்ளடக்கத்தை எழுதுமுன் ஏதோ தடைப்பட்டிருக்கிறது: மின்வெட்டு, அவசரமாக உருவிய கார்டு, ஆடிப்போன கேபிள். இந்த நிலையில் அசல் கார்டில் இன்னும் இருக்கக்கூடும். ஆகவே கணினிப் பிரதிகளைச் சரிபார்க்கும்வரை கார்டைத் துடைக்கக் கூடாது. சரிபார்ப்பது என்றால் கோப்புகளை எண்ணிப் பார்ப்பது மட்டுமல்ல. இரு பக்கத்துக்கும் சரிபார்ப்புத் தொகை கணக்கிட்டு ஒப்பிடும் இலவச நிரல்கள் உள்ளன. கார்டையே அழித்துவிட்டாலும், அதன்மேல் புதிதாக எதுவும் எழுதாதவரை, ஃபோட்டோரெக் போன்ற நிரல் கோப்புகளின் தொடக்க அடையாளத்தை வைத்து அவற்றை மீட்கும். பெயர்கள் திரும்பாது, பிக்சல் எண்கள் திரும்பும். எடுத்த நேரம் கோப்புக்குள்ளேயே இருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

போலிக் கார்டுகள் தனி ரகம். 128 ஜிபி என்று தன்னை அறிவித்துக்கொள்ளும். உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருக்கலாம். முதல் முந்நூறு படங்கள் பழுதின்றி விழும், அதன்பின் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ நிரலால் கார்டு முழுக்க எழுதித் திருப்பிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். செகண்ட் ஹாண்டில் பழைய கேமரா உடல் வாங்குபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி வகை 2009-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய கேமராவில் அதைச் செருகினால் பிழைச் செய்தி வரலாம். கேமராவும் கார்டும் இரண்டும் நலம்தான்.

காணாமல் போன படங்களில் பெரும்பகுதி எடுக்கப்படவே இல்லாதவை. 60 படம் கேட்டேன், 30-தான் இருக்கிறது என்றால் கார்டைச் சோதிக்காமல் மெனுவைச் சோதிக்க வேண்டும். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு இயங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேமரா அதே நேரம் ஷட்டரை மூடிவைத்து ஒரு டார்க் எடுக்கிறது. அந்த நேரத்தில், இடைவெளி விட்டு ஷட்டரை இயக்கும் இன்டர்வலோமீட்டர் தரும் கட்டளை செவிடன் காதில் ஊதிய சங்கு. மேலும், கேமராவின் எண் வரிசை 9999-க்குப் பின் 0001-க்குத் திரும்பி வேறு ஃபோல்டருக்குப் போகும். இரண்டு ஃபோல்டரையும் ஒரே இடத்தில் கொட்டும்போது ஒரே பெயர்கள் மோதி, 'மாற்றவா' என்ற கேள்விக்கு அரைத்தூக்கத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டால் படங்கள் உண்மையிலேயே போய்விடும்.

அடுக்கும்போது பாதியில் நின்றுபோவதையும் கோப்பின் தலையில் போடுவார்கள். 24 மெகாபிக்சல் படம் கார்டில் 25 எம்பிதான். அடுக்க விரிக்கும்போது மூன்று நிறம், நிறத்துக்கு நான்கு பைட் என்று 288 எம்பி ஆகிறது. இருநூறு படம் என்றால் 57 ஜிபிக்கு மேல் தற்காலிக இடம் வேண்டும். வட்டில் அது இல்லையென்றால் மென்பொருள் என்னதான் செய்யும்?

இதுவரை சொன்னவை சத்தம் போடும் கோளாறுகள். சத்தமில்லாதவை கேமராவுக்குள் நடக்கின்றன. 2004-இல் வந்த நிக்கான் டி70 போன்ற உடல்கள், நீண்ட எக்ஸ்போஷரில் சூடான பிக்சல்களை நீக்குவதாக எண்ணி ரா எண்களிலேயே ஒரு வடிகட்டியை ஓடவிட்டன. ஒற்றைப் பிக்சலில் ஒளிரும் மங்கலான விண்மீனுக்கும் சூடான பிக்சலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 'விண்மீன் தின்னி' என்று ஆர்வலர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். அதைத் தவிர்க்க அவர்கள் கண்டுபிடித்த வழி விசித்திரமானது: இரைச்சல் குறைப்பை இயக்கி, படம் முடிந்து கேமரா டார்க் எடுக்கத் தொடங்கும் கணத்தில் மின்விசையை அணைப்பது, கேமரா தன் வடிகட்டியை ஓட்டுமுன் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு அணையும். சில ஆண்டுகளுக்குப்பின் சோனியின் கண்ணாடியற்ற ஆல்ஃபா 7 வரிசையிலும், சில விநாடிகளுக்கு மேற்பட்ட எக்ஸ்போஷர்களில் இதே புகார் எழுந்தது.

இருட்டின் அடிமட்டமும் இப்படித்தான். ஒளியே விழாத பிக்சலும் இரைச்சலால் கொஞ்சம் மேலும் கீழுமாக ஆடும். கேனான் தன் எண்களுக்கு மாடலைப் பொறுத்து 1024, 2048 போன்ற ஒரு மேடை போட்டு வைப்பதால் கீழ்நோக்கிய ஆட்டமும் பதிவாகும். சராசரி எடுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பழைய நிக்கான்கள் பல அந்த மேடையைக் கேமராவுக்குள்ளேயே கழித்து, சுழியத்துக்குக் கீழே போனதை வெட்டிவிடுகின்றன. பாதி இரைச்சல் காணாமல் போகும்; சராசரி உண்மையைவிட உயர்ந்து நிற்கும். படம் சுத்தமாகத் தெரியும், அளவீடு பொய்யாகும். கேமராவே செய்யும் இழப்புள்ள சுருக்கத்தைப் பற்றி இவ்வளவு கவலை எனக்கில்லை. நிக்கானின் அந்தச் சுருக்கம் பிரகாசப் பகுதியின் படிகளைத்தான் கூட்டிச் சேர்க்கிறது, மங்கலான நெபுலா அங்கே இல்லை. நட்டம் வந்தால் ஃபிளாட் படங்களில் வரும். தேர்வு இருந்தால் இழப்பற்றதைத் தேர்ந்தெடுக்கலாம், தொடக்கநிலை உடல்கள் சிலவற்றில் அந்தத் தேர்வே கிடையாது. லென்ஸ் ஓரத் திருத்தம் போன்ற உதவிகளை மட்டும் தயங்காமல் அணைத்துவிட வேண்டும். அவை ரா எண்களைத் தொடும் கேமராக்களில் படத்தை நீட்டும்போது வட்ட வட்டமாக வளையங்கள் தோன்றுகின்றன.

கடைசியாக நேரம். மாறொளி விண்மீனையோ சிறுகோளையோ அளப்பவருக்குக் கோப்பில் உள்ள நேரமும் ஒரு தரவு. கேமரா எழுதுவது நாம் வைத்த உள்ளூர் நேரம். எந்த நேர வலயம் என்று குறிக்கும் இடமே, கோப்பு விவரங்களுக்கான எக்ஸிஃப் வரையறையில் 2016-இல்தான் சேர்ந்தது. ஃபிட்ஸ் தலைப்பு எதிர்பார்ப்பதோ உலகப் பொது நேரம். மாற்றும் நிரல் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்காமல் விட்டால், சிறுகோள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சில ஆர்க் நிமிடங்கள் தள்ளி நிற்கும். விண்மீனின் ஒளி வளைகோடு கால்நாள் நகர்ந்துவிடும். வானியலாளர்கள் நாட்களை எண்ணும் ஜூலியன் நாள் பொது நேர நண்பகலில், அதாவது நம் மாலை 5:30-க்கு மாறுகிறது; நம் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணில் அடங்குவதால் இந்தப் பிழை நாள் எண்ணில் பளிச்சென்று தெரிவதும் இல்லை. படப்பிடிப்பு தொடங்குமுன் கைபேசியில் இணைய நேரத்தை விநாடியோடு காட்டும் திரையை ஒரு படம் எடுத்துவைத்தால், கேமராவின் கடிகாரம் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது பிறகு கணக்கிடக் கிடைக்கும். அந்த வித்தியாசத்தை எக்ஸிஃப்டூலிடம் சொன்னால் ஃபோல்டரில் உள்ள அத்தனை கோப்பின் நேரத்தையும் ஒரே கட்டளையில் திருத்திவிடும், அசலை வேறு பெயரில் பத்திரமாக வைத்துக்கொண்டு.